துணைக்குப் போன இடத்தில்

வேண்டாம் பிள்ளை, எழும்பாதேங்கோ. கொஞ்சம் அங்காலை அரக்கி இருந்தீங்களெண்டால் காணும். நான் இந்தக் கரையில ஒரு பக்கக் குண்டியை வைச்சுக்கொண்டு யாழ்ப்பாணம் வரைக்கும் வந்திடுவன். அந்தப் பக்கம் புதுசு. ஓம், மெய்யாத்தான். இடப்பக்க இடுப்புப் புதுசு, மற்றதெல்லாம் பழசு.

உங்கட வெள்ளைச் சப்பாத்தைக் கண்டோடனை நேர்ஸ் எண்டு விளங்கிட்டுது. அதுதான் பின்னுக்கு இடம் கிடந்தும் இஞ்சை வந்தனான். படிச்ச பிள்ளையளோட கதைச்சுக்கொண்டு போறது நல்லதெல்லே.

முழங்காலோ எண்டு கேக்கிறீங்கள். எல்லாரும் அதைத்தான் கேக்கினம். இல்லை, இடுப்பு. சென்னையில செய்தது. ஆனா நான் ஒப்பரேசனுக்குப் போகேல்லை, அதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ. நான் துணைக்குப் போனனான். ஒப்பரேசன் என்ர மச்சாளுக்கு. அவவுக்கு முழங்கால் மாத்தப் போய், எனக்கு இடுப்பை மாத்திக்கொண்டு வந்தனாங்கள். அவவின்ர முழங்கால் ரெண்டும் போன மாதிரியே திரும்பி வந்திட்டுது.

ஏனெண்டு கேளுங்கோ. பயம். அவ்வளவு வாய் உள்ள மனுசி, கடைசி நேரத்தில பயந்து போனா. சொல்லுறன், ஆறுதலாச் சொல்லுறன். இந்த பஸ் போற போக்குக்கு வல்லைவெளி தாண்டவே ஒரு கதை சொல்லி முடிச்சிடலாம்.

மச்சாளின்ர பேர் கமலாசனி. என்ர மனுசன்ர தமக்கை. என்ர மனுசன் மோசம் போய்க் கனகாலம், அவவின்ர மனுசன் அதுக்கும் முதலே போட்டார். எனக்குப் பிள்ளையள் இல்லை. அவவுக்கு ஒரு மகன், நிரூபன், டென்மார்க்கில பஸ் ஓடுறான். இப்பிடி இல்லை, அங்கை நேரத்துக்கு ஓடுற பஸ். அப்ப வளவுக்குள்ள நானும் அவவும்தான். ஒரு வளவு, ஒரு கிணறு, ரெண்டு குசினி. ஏன் ரெண்டு குசினியெண்டால், அவ வைக்கிற குழம்பை மனுசர் தின்னேலாது. என்ர குழம்பைப் பற்றி அவ என்ன சொல்லுறா எண்டு நான் சொல்லமாட்டன்.

எங்களுக்குள்ள கோவம் இண்டைக்கு நேற்று வந்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அண்டைக்குத் தொடங்கினது. நான் ரீ குடுத்திட்டுத் திரும்பி உள்ளுக்குப் போறன். அவ தாயின்ர காதுக்குள்ள சொல்லுறா. அவ காதுக்குள்ள சொன்னா ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேக்கும். "பெட்டை நல்ல வடிவு. ஆனா தாரா மாதிரியெல்லே நடக்குது."

தாரா, பிள்ளை! குளத்தில நீந்துற தாரா! நான் அரசாங்க உத்தியோகம், தபாற் கந்தோரில கதிரை போட்டு இருக்கிறவள். என்னைப் பார்த்துத் தாரா எண்டு! கலியாணம் நடந்தது, அவரும் எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. ஆனா அந்தத் தாரா என்ர நெஞ்சை விட்டுப் போகேல்லை.

சரி. மச்சாளுக்கு முழங்கால் போச்சுது. ரெண்டும் வில்லு மாதிரி வெளியால வளைஞ்சிட்டுது. திருவிழாவில சாமி வெளிவீதி சுத்தி முடிச்சு உள்ளுக்குப் போய்ப் பூசையும் ஆகிடும், இவ தெற்கு வீதியில நிண்டு அரோகரா சொல்லிக்கொண்டிருப்பா. சாமியை அவ பார்க்கிறதே முதுகுப் பக்கத்தாலதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில பேரைப் பதிஞ்சு காத்திருக்கலாம். அவ காத்திருக்கிற பிறவியில்லை. கொழும்பில தனியாரிட்டை விசாரிச்சம். அங்கை ஒரு முழங்காலுக்குச் சொன்ன காசுக்குச் சென்னையில ரெண்டு முழங்காலும் செய்து, பிளேன் ரிக்கற்றும் எடுத்து, ரூமும் போட்டு, திரும்பி வரேக்கை ஒரு காஞ்சிபுரமும் எடுக்கலாம் எண்டு நிரூபன் கணக்குப் பார்த்தான். காஞ்சிபுரம் நான் சேர்த்தது.

ஆனா துணைக்கு ஒராள் வேணுமாம். நிரூபன் எனக்கு ரெலிபோன் எடுக்கிறான்.

"மாமி, அம்மாவோட நீங்கள்தான் போகவேணும். வேற ஆரையும் அம்மா கிட்ட விடமாட்டா."

"என்னையும்தான் விடமாட்டா, தம்பி."

"உங்களோட சண்டை பிடிச்சுப் பழகிட்டாவெல்லே, மாமி."

அவன் கேட்டதுக்காகத்தான் போனனான். அவவுக்காக இல்லை.

பலாலியில பிளேன் ஏறினா ஒரு பணிஸ் தின்னுறதுக்குள்ள சென்னை. இறங்கினோடனை ஒரு மனுசன் வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு நேர என்னட்டை வாறான். "அம்மா, நீங்கதானே கேட்டிருந்தீங்க, உக்காருங்க" எண்டு. நான் இல்லை, அவ எண்டு காட்டினன். அவன் அவவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், நம்பேல்லை. மச்சாள் பட்டத்து ராணி மாதிரி ஏறி இருந்து, என்ர பையையும் வாங்கி மடியில வைச்சுக்கொண்டு, "நீ ஆடி ஆடி வா" எண்டா. எனக்கு அப்ப முழங்கால் சாதுவா நோகும்தான். எண்ணெய் பூசினா அடங்கிடும். எனக்கு நடக்கேலாதெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. மச்சாளைத் தவிர.

அந்த ஆஸ்பத்திரி இருக்கே, பேர் வேண்டாம், உள்ளுக்குப் போனா கலியாண மண்டபம் மாதிரி. பங்களாதேஷ், ஓமான், ஆபிரிக்கா எண்டு உலகத்தில தேய்ஞ்ச முழங்கால் எல்லாம் கடல் கடந்து அங்கைதான் வந்து குந்தியிருக்கு. பாஷை தெரியாட்டியும் பரவாயில்லை, ஆளுக்காள் நோகிற இடத்தைத் தொட்டுக் காட்டித் தலையாட்டுறம். எங்களுக்கும் கழுத்தில ஒரு நாடா போட்டு விட்டவை, வெளிநாட்டு நோயாளியாம். தமிழ் கதைச்சுக்கொண்டு நிக்கிற எங்களுக்கு!

வெளிநாட்டுக்காரரைப் பார்க்கவெண்டு பெனிட்டா எண்டு ஒரு பிள்ளை. நல்ல பிள்ளை. மச்சாளுக்குச் சோதனையெல்லாம் எடுத்து முடிய ஓடி வந்து, "ஆன்ட்டி, டாக்டர் உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்னு சொல்றார்" எண்டுது.

நான் மச்சாளைப் பார்த்து, "என்ன செய்து துலைச்சனீங்கள்?" எண்டு கேட்டன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. அந்த லிஃப்றில ரெண்டுதரம் சும்மா ஏறி இறங்கினனான், அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் பேசப்போறார்."

பயந்து பயந்து போனா அந்த மனுசன் சிரிச்சுக்கொண்டு இருக்கிறார். அங்கை பேசிறதெண்டால் கதைக்கிறதாம். ஏச்சு விழப்போகுதெண்டு நாங்கள் ரெண்டு பேரும் கைகட்டிக்கொண்டு நிக்கிறம்.

டொக்டர் மாதவமூர்த்தி எண்டு பேர். மச்சாளின்ர எக்ஸ்ரேப் படத்தைத் தூக்கிப் பார்த்தார், செய்யலாம் எண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்கம்மா" எண்டார்.

"நோயாளி அவ, டொக்டர்."

"தெரியும்மா. நீங்க வராந்தாவுல நடந்து வர்றதப் பார்த்தேன். நடங்க."

நடந்தன். உடனை என்னையும் படம் எடுக்க அனுப்பினார். திரும்பி வர, "எத்தன வருஷமா வலி?" எண்டு கேட்டார்.

"முழங்கால்தான் சாதுவா நோகும்."

"முழங்கால் இல்லம்மா, இடுப்பு. வலி கீழ இறங்கி முழங்கால்ல தெரியுது. பிறவியிலேயே உங்க இடுப்புக் கிண்ணம் ஆழமில்ல, பந்து சரியா உக்காரல. இப்ப தேஞ்சு போச்சு. சின்ன வயசுலேர்ந்தே நடை ஆடி ஆடி இருந்திருக்குமே? யாருமே சொல்லலையா?"

மச்சாள் கதிரையால எழும்பிட்டா. கைபிடிச்சுத் தூக்கினாலும் எழும்பாத மனுசி, தானா எழும்பி நிக்கிறா.

"நான் சொன்னனான், டொக்டர்! கலியாணம் பேசேக்கையே சொன்னனான்! தாரா எண்டு சொன்னனான்!"

"தாரான்னா?"

மச்சாள் ரெண்டு கையையும் பின்னுக்கு விரிச்சு, குண்டியை ஆட்டி, அந்த அறைக்குள்ள ஒரு சுத்துச் சுத்திக் காட்டினா. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிட்டுது. டொக்டர் சிரிக்கேல்லை. "கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க" எண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் போனது.

பிறகு அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாச் சொன்னார். இனியும் தள்ளிப்போட்டால் எலும்பு அரிச்சுக்கொண்டே போகுமாம். பந்து மேல ஏறிட்டால் பிறகு செய்யிறது கஷ்டமாம். ஒருநாள் இருந்த இடத்திலயே இருந்திடுவனாம். "அப்ப இவவின்ர முழங்கால்?" எண்டு கேட்டன். "அவங்களுதும் மோசம்தான். வலியிருக்கும். ஆனா அது எங்கயும் ஓடிப்போகாது, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" எண்டார்.

எங்களிட்டை இருந்தது ஒராளுக்குச் செய்யிற காசு, அதையும் மச்சாளின்ர பேரில கட்டியாச்சு. அப்ப நான் என்ன சொல்லுறது? பிறகு ஒருக்கா வாறன், டொக்டர், எண்டு சொல்லிட்டு வந்தன். அண்டைக்குப் பின்னேரம் முழுக்க மச்சாள் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இவ்வளவு வருசத்தில அவ வாய்மூடி இருந்த பின்னேரம் அது ஒண்டுதான். சாப்பாடு சரியில்லையாக்கும் எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் அவவை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுத்த வேணும். எல்லாம் எடுத்து வைச்சிட்டன், துவாய், சோப்பு, விபூதி. மனுசி கட்டில்ல இருந்துகொண்டு சொல்லுது, "எனக்கு ஏலாது, திலகம்."

"என்ன ஏலாது?"

"பயமாக் கிடக்கு."

நான் நம்பேல்லை. உங்களுக்கு இவவைத் தெரியாது, பிள்ளை. பிரச்சினை நேரம், சண்டைக்குள்ள, இவவின்ர கையில வெடிச்ச செல்லின்ர துண்டு ஏறினது. மயக்கமருந்து இல்லை. அப்பிடியே கிழிச்சு எடுத்தவை. கிழிச்ச டொக்டரிட்டை இவ சொல்லியிருக்கிறா, "தம்பி, கெதியா முடி, வீட்டில ஆடு கத்திக்கொண்டு நிக்குது" எண்டு. அப்பிடிப்பட்ட மனுசி, குளிரூட்டின ஆஸ்பத்திரியில, பூப்போட்ட திரைச்சீலைக்குள்ள படுத்திருந்து செய்யிற ஒப்பரேசனுக்குப் பயப்படுது! வயது போகப் போக மனம் இளகிப் போடும் போல. என்ன சொல்லியும் கேக்கேல்லை. நான் பேசிப் பார்த்தன். எங்கட பேச்சு, அவையின்ர பேச்சில்லை. கடைசியில சொல்லுறா:

"கட்டின காசு திரும்பத் தரமாட்டினமாம். அவன் பனிக்குள்ள பஸ் ஓடி உழைச்ச காசு. வீணாப் போறதோ? நீ போய்ப் படு."

"எனக்கென்ன விசரோ?"

"அப்ப விடு. அந்தக் காசை அவங்கள் தின்னட்டும்."

அதுதான் பிள்ளை என்ர பலவீனம். நான் காலம் முழுக்க முத்திரைக் காசுக்குக் கணக்குக் காட்டினவள். ஒருத்தன்ர காசு வீணாப் போறதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. வேற ஒண்டுக்குமில்லை, அந்தக் காசு வீணாகாமல் இருக்கத்தான் போய்ப் படுத்தனான். உலகத்தில சிக்கனத்துக்காக இடுப்பை வெட்டக் குடுத்தவள் நானாத்தான் இருப்பன்.

அதுக்குள்ள வீசாப் பிரச்சினை வேற. எனக்குத் தந்தது துணைக்குப் போறவைக்குக் குடுக்கிற வீசா. நோயாளி துணையாயிட்டா, துணை நோயாளியாயிட்டுது. பெனிட்டா பாவம், எங்களைக் கந்தோர் கந்தோராக் கொண்டு திரிஞ்சு அதை மாத்தி எடுத்தது. அங்கை இருந்த உத்தியோகத்தர், "இதுல யாரும்மா நோயாளி?" எண்டு கேக்க, மச்சாள் எழும்பி எனக்கு முன்னால வந்து, "நடையைப் பார்த்தாத் தெரியேல்லையோ?" எண்டா.

ஒப்பரேசனுக்கு முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரக்கப் பண்ணினவை. உங்களுக்குத் தெரியும்தானே. நித்திரையாக்குவம் எண்டு சொன்னவை, நான் பாதி முழிப்பு. ஒண்டும் நோகேல்லை. ஆனா சத்தம் கேக்குது. சுத்தியலால அடிக்கினம், பிள்ளை! வாளால அரியினம், துளை போடினம். தச்சுப் பட்டறை மாதிரிக் கிடந்தது. "தம்பி, நிலையும் கதவும் போடுறியளோ?" எண்டு கேட்டன். "ஆமாம்மா, பூட்டுச் சாவியோட தர்றோம்" எண்டார் டொக்டர்.

எனக்குப் பயமிருக்கேல்லை. உள்ளுக்குக் கொண்டு போகேக்கை நான் அவவின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை எண்டு மச்சாள் ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. அது குளிர். அந்த வாசல் சரியான குளிர்.

பிறகு பார்க்கவேணும் அவவின்ர அதிகாரத்தை. துணைக்கு நிக்கிறவைக்கு ஒரு தாழ்ந்த கட்டில் தந்தவை. அதில படுத்தா அவவுக்கு எழும்பேலாது. ஆனபடியா என்ர தலைமாட்டில ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு இரவிரவா அதில இருந்தா. இருந்து குறட்டை. எனக்கு நித்திரையில்லை. அதோட அது செய்யாதே, இது செய்யாதே. காலுக்கு மேல கால் போடாதே, குனியாதே, பதிஞ்ச கதிரையில இராதே. டொக்டர் ஒருக்காச் சொன்னதை இவ நாளுக்கு நூறுதரம். எனக்கு நடை பழக்க வந்த பெடியனைப் பிடிச்சு, "கெதியா நட நட எண்டுறாய், உன்ர இடுப்போ?" எண்டு பேசி, அவன் அடுத்தநாள் வரேல்லை. வேற ஒரு பிள்ளை வந்துது. அதோட சிநேகிதமாகி, அதுக்குக் கலியாணம் பேசத் தொடங்கிட்டா.

ஆஸ்பத்திரியால விட்ட பிறகு வளசரவாக்கத்தில ஒரு வீட்டில ரூம் எடுத்து நிண்டனாங்கள். எங்கட ரூம் கீழ, குசினி மேல்மாடியில. எனக்குச் சுடுதண்ணி, கஞ்சி எல்லாம் அவதான் மேல போய் வைச்சுக்கொண்டு வரவேணும். அவ எப்பிடி ஏறுறா எண்டு நான் யோசிக்கேல்லை. ஒருநாள் வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு வாசலுக்கு வந்து பார்க்கிறன், மனுசி படியில குண்டியை வைச்சு, முதுகுப் பக்கமா, ஒவ்வொரு படியா அரக்கி அரக்கி மேல போகுது. மடியில ஃபிளாஸ்க். என்னைக் கண்டிட்டா.

"என்ன பார்க்கிறாய்? படி கூட்டுறன்."

நான் சிரிச்சன், பிள்ளை. சிரிச்சா தையல் இழுக்கும், அதோடயும் சிரிச்சன். அவவும் படியில இருந்து சிரிச்சா, ஃபிளாஸ்க் உருண்டு வந்து என்ர காலடியில விழுந்துது. "எடுக்காதே! குனியாதே!" எண்டு கத்தினா. பிறகு திரும்ப அவ்வளவு படியும் இறங்கி வந்து எடுத்தா.

தையல் வெட்டப் போன அண்டைக்கு அந்தப் பெனிட்டா என்னைத் தனியக் கூப்பிட்டுது.

"ஆன்ட்டி, உங்க அண்ணி ரொம்பப் பெரிய மனசுக்காரங்க."

"என்னத்துக்கு?"

"கட்டின பணம் முழுசாத் திரும்பக் கிடைக்கும்னு நான் அன்னைக்கே அவங்ககிட்ட சொன்னேன். உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

பாவம், அந்தப் பிள்ளைக்கு எங்கட மச்சாளைத் தெரியாது. பயந்து போனா, அதை மறைக்கவேணும், அதுக்கு ஒரு சாட்டு வேணும். அவ்வளவுதான். இதே மனுசி மகனிட்டை என்ன சொன்னா தெரியுமோ? "டொக்டர் எனக்கு இப்ப தேவையில்லை எண்டிட்டார், மாமிக்குத்தான் உடனை செய்யவேணுமாம்" எண்டு. எனக்குப் பக்கத்தில நிண்டு சொல்லுறா! எனக்கொரு கதை, அவனுக்கொரு கதை. பயந்ததைப் பெத்த பிள்ளைக்குச் சொல்ல வெக்கம்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பார்க்கிறீங்கள்?

இல்லை, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நீங்கள் அவவோட ஒருநாள் இருந்து பாருங்கோ. வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்க வாற சனத்துக்கெல்லாம் வாசல்லயே நிண்டு சொல்லுறா, "என்ர மகன்ர காசில நடக்கிறா, வடிவாப் பாருங்கோ" எண்டு. "முந்தித் தாரா, இப்ப கொக்கு" எண்டு. வந்த சனம் என்ர குசினியில தேத்தண்ணி குடிச்சிட்டு அவவின்ர பகிடிக்குச் சிரிச்சிட்டுப் போகுது. இதையெல்லாம் பெரிய மனசு எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?

கோப்பாய் வந்திட்டுதோ? இண்டைக்கெண்டு பறக்கிறான் இவன்.

போன மாரியில மச்சாள் கிணத்தடியில விழுந்திட்டா. நான் சத்தம் கேட்டு ஓடினன். ஓம், ஓடினன், இப்ப எனக்கு ஓடலாம். மழை, சேறு, அதுக்குள்ள மல்லாக்காக் கிடக்கிறா. கால் ரெண்டும் மடங்கிப் போய்க் கிடக்குது, முகம் வெளிறிப் போச்சுது. நான் கிட்டப் போக, அந்த நிலையில கிடந்துகொண்டு பேசுறா. "வராதே! வழுக்கும்! குனியாதே எண்டெல்லே சொன்னவை!" தன்னைத் தூக்கு எண்டு சொல்லேல்லை, பிள்ளை. பக்கத்து வளவு ஆக்களைக் கூப்பிட்டு, அவை வரும் வரைக்கும் நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கன நேரம்.

எலும்பு முறியேல்லை. ஆனா அதோட நடை போச்சுது. இப்ப கட்டிலால இறங்கிக் கதிரையைத் தள்ளித் தள்ளித்தான் கக்கூசுக்குப் போறா. வாய் மட்டும் குறையேல்லை.

நான் சென்னைக்கு ரெலிபோன் எடுத்தன். பெனிட்டாவோட கதைச்சன். காசு எங்காலை எண்டு கேளாதேங்கோ, அது என்ர பாடு, நிரூபனிட்டைக் கேக்கேல்லை. பிறகு மச்சாளிட்டைச் சொன்னன், வாங்கோ போவம் எண்டு. மாட்டனெண்டா. வயது போட்டுது, இனி என்னத்துக்கு, நீ உன்ர காசை வைச்சுக்கொள். கிழமைக்கணக்கா மாட்டன் மாட்டன் எண்டுதான் நிண்டவ. கடைசியில எனக்கு விசர் வந்திட்டுது.

"சரி, வராதேங்கோ. ஆனா இன்னொருக்கா விழுந்தா நான் குனிஞ்சு தூக்குவன். ஆக்களைக் கூப்பிடமாட்டன். என்ர இடுப்புக் கழண்டு போகட்டும். பிறகு ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில கிடப்பம்."

மச்சாள் கட்டில் சட்டத்தைப் பிடிச்சு எழும்பி இருந்தா.

"எப்ப போறது?" எண்டா.

பார்த்தீங்களே? மகன்ர காசில போட்ட இடுப்பெல்லே, பழுதாப் போனா நட்டம். காசெண்டோடனை பயமெல்லாம் பறந்திட்டுது. நான் சொன்னனெல்லே, அவவை எனக்குத் தெரியும்.

அதுதான் இப்ப யாழ்ப்பாணம் போறன், வீசாக் கந்தோருக்கு. ரெண்டு பேரின்ர பாஸ்போட்டும் இந்தப் பைக்குள்ளதான். போறதுக்கு முதல் சோதனையெல்லாம் எடுத்து அனுப்பச் சொன்னவை. எடுத்தம். இரத்தம் சரி, சீனி பரவாயில்லை. நெஞ்சைப் படம் பிடிச்ச இடத்தில ஒரு சின்னப் பிசகு எண்டு எழுதியிருக்கு. இருதயம் கொஞ்சம் களைச்சுப் போச்சுதாம். சென்னையில அந்த டொக்டர் பார்த்திட்டு, செய்யலாம், ஆனா ரெண்டும் ஒண்டாச் செய்யேலாது, ஒவ்வொண்டாக் கவனமாச் செய்வம் எண்டாராம்.

மச்சாளுக்கு நான் ஒளிக்கேல்லை, சொன்னன். அவ கேட்டிட்டு, "நான் திரும்பி வராட்டி என்ர குசினியை இடிச்சுப்போடாதே" எண்டா.

"இடிச்சு ஆட்டுக்கொட்டில் போடுவன்" எண்டன்.

"ஆடு உன்ர குழம்பையோ தின்னப்போகுது? செத்துப்போயிடும்" எண்டா.

அவ்வளவுதான் கதைச்சனாங்கள். அவ திரும்பிப் படுத்து நல்ல நித்திரை. எனக்குத்தான் அண்டையில இருந்து நித்திரை வருகுதில்லை. நுளம்பு. இந்தமுறை சரியான நுளம்புக்கடி.

பிள்ளை, நான் ஒண்டு கேக்கவெல்லே வந்தனான். நீங்கள் இப்பிடி எத்தினை பேரைப் பார்த்திருப்பியள். நெஞ்சு களைச்ச ஆக்களுக்கு, வயது போன ஆக்களுக்கு, அந்த முதுகு ஊசியைப் போட்டா... பிறகு எழும்புவினமோ? எல்லாரும் எழும்புவினமோ? எனக்காகக் கேக்கேல்லை. அவவுக்குப் பயம். அவ வாய்விட்டுக் கேக்கமாட்டா, அதுதான் நான் கேக்கிறன்.

கூடுதலான ஆக்கள் எழும்புவினம். சரி. கூடுதலான ஆக்கள் எண்டால் எவ்வளவு? நூறு பேரில? ... தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. அப்ப ஒண்டு ரெண்டுதான். அது குறைவுதானே. ஆனா பிள்ளை, உங்களுக்கு அவவைத் தெரியாது. எந்த இடத்திலயும் எல்லாரும் ஒரு பக்கமெண்டால் தான் மற்றப் பக்கம் நிக்கவேணுமெண்டு பிறந்த மனுசி. அந்த ஒண்டில போய் நிண்டாலும் நிப்பா.

இல்லை, நான் அழேல்லை. யன்னலைச் சாத்துங்கோ, புழுதி.

என்ன சொன்னீங்கள்? இவன் அடிக்கிற பஸ் கோண் சத்தத்தில கேக்கேல்லை. எழும்புவாவோ?

இன்னொருக்காச் சொல்லுங்கோ, பிள்ளை.